என் மாமா கைவிட்ட மேன்முறையீடு

ஒரு கூற்றை முன்வைப்பவன் அதைக் காப்பதற்கு எழுந்து நிற்க வேண்டும்; நிற்க மனமில்லாதவன் அதை முன்வைக்கவே கூடாது. மேடையில் நான் பெற்ற பயிற்சி அனைத்தையும் பிழிந்தெடுத்தால் மிஞ்சுவது இவ்வளவுதான். பாடசாலை விவாத அணியில் தொடங்கி, கோயில் திருவிழாக்களின் வழக்காடு மன்றங்கள் வரை நான் வளர்ந்தது இந்தச் சட்டத்தின் கீழேதான். காப்பிய மாந்தர் பலரை நான் கூண்டில் ஏற்றியிருக்கிறேன். எதிரே நின்றவர் தம் மாந்தரைக் காக்க வியர்க்க வியர்க்கப் போராடியிருக்கிறார். தோற்ற நாட்களும் எனக்கு உண்டு. ஆனால் எழுந்து பேச வேண்டிய நேரத்தில் பின்வாசலால் நழுவித் தோல்வியைத் தவிர்த்த நாள் ஒன்றுகூட இல்லை. இதைச் செருக்கு என்று சொல்வோர் சொல்லட்டும். அந்தச் செருக்கை நான் இறக்கிவைக்கப் போவதில்லை.

அந்த மன்றங்களில் முன்வரிசையில் அமர்ந்து, நான் ஒரு வாதத்தை முடிக்கும்போதெல்லாம் முதல் கைதட்டலைத் தொடங்கிவைப்பவர் என் மாமா. என் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் ஒரே அண்ணன். "என்ட மருமகன்" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லி, அவர் தலையசைக்கும்வரை விடமாட்டார். நல்ல பேச்சை இரசிக்கத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் சொந்தத் தங்கைக்கு எதிராக ஒரு வழக்கை நீதிமன்றத்தில் போட்டுவிட்டு, அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலேயே ஆண்டுக்கணக்கில் வென்றுகொண்டிருந்தார். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெரியகல்லாறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய நிலம். இங்கே வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குக் கலியாணம் பேசும்போது வீடு எழும்பியிருக்க வேண்டும்; தாய் தன் வளவு நிலத்திலேயே ஒரு பகுதியைப் பிரித்து மகளுக்கு எழுதி, அதில் வீடு கட்டிக் கொடுப்பாள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவான். ஆகவே ஆணுக்கு எங்கள் ஊரில் பிறந்த வீடு உண்டு, மனைவியின் வீடு உண்டு. தன் வீடு என்று ஒன்று இல்லை. இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. மாமாவும் நினைக்கவில்லை, மனைவி தன் வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்த பின், வந்த மருமகனோடு ஒத்துப்போகாமல், சாய்ந்து கிடக்க ஒரு சாய்மனைக் கதிரையோடு பிறந்த ஊருக்குத் திரும்பி வரும்வரை.

வந்தவர் சின்னம்மாவின் வளவில் பாதி தனக்கு வேண்டும் என்றார். அம்மம்மா அதைச் சின்னம்மாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது என் பிறப்புக்கும் முந்திய கதை. அதை எழுதும்போது தாய்க்குப் புத்தி தெளிவாக இல்லை என்றும், தங்கை ஏமாற்றி எழுதுவித்தாள் என்றும் அவர் வழக்குப் போட்டார். கூடப்பிறந்தவளின் வளவை அண்ணன் கேட்டு நீதிமன்றம் போவது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத காரியம். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது. மாவட்ட நீதிமன்றம் சாட்சிகளைக் கேட்டு, காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்து, அவர் கோரிக்கை பொய் என்று தீர்த்தது. வளவு சின்னம்மாவுடையது.

அந்த வழக்கு நடந்த காலத்தில் இரு தரப்பும் ஒரே பஸ்ஸில்தான் மட்டக்களப்புக்குப் போய்வந்தார்கள். விடுமுறையில் வீட்டிலிருந்த நான் ஒருமுறை துணைக்குப் போனேன். மாமா முன்கூட்டியே ஏறி இரண்டு இருக்கை பிடித்து வைத்திருந்தார்.

"தங்கச்சி, யன்னல் பக்கம் இரு. இந்தப் பக்கம் வெயில் படாது."

சின்னம்மா போய் இருந்தார். காத்தான்குடியின் பேரீச்ச மரங்களைத் தாண்டும்போது பையைத் திறந்து ஒரு சோற்றுப் பொதியை மாமாவிடம் கொடுத்தார். இறங்கியதும் சின்னம்மாவிடம் கேட்டேன்.

"உங்களைக் கள்ளியெண்டு கோட்டில எழுதிக் குடுத்தவருக்குச் சோறு கட்டுறீங்களா?"

"அண்ணனுக்குச் சீனி வருத்தம் மனே. நேரத்துக்குச் சாப்பிடணும். வழக்கு வேற, வயிறு வேற."

எனக்கு இதில் பெருந்தன்மை எதுவும் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. பொய்யனுக்குச் சோறு போட்டால் பொய்க்கும் சோறு கிடைக்கிறது. ஆனாலும் அந்த நாட்களில் மாமா வந்தார், கூண்டில் ஏறினார், கேள்விக்குப் பதில் சொன்னார், பதில் பொய்யாக இருந்தாலும். அந்த அளவுக்காவது அவர் ஆள்.

தீர்ப்பு வந்த பிறகு அவர் மேன்முறையீடு செய்தார். மேன்முறையீடு முடியும்வரை அந்த வளவில் எந்தக் கட்டுமானமும் கூடாது என்று ஓர் இடைக்காலக் கட்டளையையும் பெற்றுக்கொண்டார். அதன் பின்பு நின்றுவிட்டார். மேல் நீதிமன்றத்தில் தன் வழக்கை நடத்துவதற்குச் செய்ய வேண்டிய ஒரு காரியத்தையும் அவர் செய்யவில்லை. வழக்கு கூப்பிடப்படும் தவணைக்கு வரவில்லை. தன் சட்டத்தரணியைப் பார்க்கவில்லை. கூப்பிடப்படும் ஒவ்வொரு முறையும் மேன்முறையீடு அடுத்த தவணைக்குப் போனது. கட்டளையும் அதோடு போனது. தடுப்பது வழக்கு அல்ல, வழக்கு முடியாமலிருப்பதுதான் என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

தடைபட்டு நின்றது ஒரு கலியாணம். சின்னம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குப் பழைய வீடு போய்விட்டது. இரண்டாவது, எனக்கு ஓரிரு வயது மூத்த அக்கா. கல்லடியில் படகு இயந்திரம் திருத்தும் ஒருவரோடு அவளுக்குப் பேசி, மனமும் ஒத்து, வெற்றிலையும் மாற்றியாகிவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் நிதானமான மனிதர். "வீடு எழும்பட்டும், நாள் வைப்பம்" என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை அவர் கோபமின்றி ஒவ்வொரு வருடமும் சொன்னார். பிறகு ஒரு வருடம், "அடுத்த ஆவணிக்கு மேல எங்களால நிக்க ஏலாது" என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்த வருடம் வைகாசியில் எங்கள் அம்மன் கோயில் கதவு திறந்தது. ஆண்டில் சில நாட்கள் மட்டுமே திறக்கும் கதவு அது. ஊரை விட்டுப் போனவர்களெல்லாம் அந்த நாட்களுக்கு வந்து சேர்வார்கள். தாய்வழிக் குலங்களான குடிகளுக்கிடையில் கிடக்கும் பிணக்குகளை அந்த முன்றலில் வைத்துத் தீர்ப்பதும் வழக்கம். எங்கள் குடியின் சார்பில் கோயில் நிருவாகத்தில் இருந்த வண்ணக்கர், குளிர்த்தி என்னும் இறுதிச் சடங்குக்கு முந்திய காலையில் மாமாவைக் கூப்பிட்டார். நாங்கள் எல்லோரும் அங்கே நின்றோம்.

"உன்ட மருமகள்ட கலியாணம் நிக்கிது. அம்மாள் கதவு திறந்து கிடக்கு. இதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு."

மாமா நீண்ட நேரம் எடுக்கவில்லை. வாழையிலையில் எரிந்த கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தார்.

"அம்மாளறிய, அந்த வளவு எனக்கு வேணாம். வழக்கை விட்டுட்டன்."

சின்னம்மா அங்கேயே அழுதார். பெண்கள் குரவையிட்டார்கள். எங்கள் ஊரில் அம்மன் முன்னால் முடிந்தது முடிந்ததுதான். அதன் பிறகு எழுத்துக் கேட்பது அம்மனை நம்பாதவன் செய்யும் வேலை. எழுத்துக் கேட்டவனைத்தான் ஊர் சந்தேகிக்கும். ஆகவே யாரும் கேட்கவில்லை. வழக்கு விடப்பட்டுவிட்டது என்பதை ஊர் முழுவதும் அறிந்தது. அறியாமல் எஞ்சியிருந்தது ஒரேயோர் இடம். அது நீதிமன்றம். அதற்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எங்கள் ஒருவர் மண்டையிலும் தோன்றவில்லை.

நாள் பார்த்து அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்கள். மேசன் கயிறு கட்டி அறைகளைக் குறித்தார். அக்கா ஒவ்வொரு அறையாக நடந்து பார்த்தாள். வெட்டி முடிந்து கல் இறங்க வேண்டிய காலையில் இரண்டு பொலிஸார் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஒருவர் எங்கள் பக்கத்துப் பையன், மிகவும் சங்கடப்பட்டார்.

"அக்கா, வேலையை நிப்பாட்டுங்க. கோட்டுக் கட்டளை இன்னும் கிடக்கு. முறைப்பாடு வந்திருக்கு."

"ஆரு குடுத்தது?" என்றாள் அக்கா.

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். பெயரைச் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் நானே போனேன். வாவிக்கரைத் தேநீர்க்கடையில் மாமா, இறால் கூடு கொண்டு வந்தவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்து வாங்குப் பலகையைத் தட்டிக் காட்டினார்.

"இரு மருமகன். பிளேன்ரீ ஒண்டு குடி."

"கற்பூரத்தில கை வச்சது ஆரு மாமா?"

"நான்தான்."

"அப்ப பொலிசுக்குப் போனது?"

"அதும் நான்தான்." ஒளிக்கவே இல்லை. "அம்மாளுக்குச் சொன்னது அம்மாளுக்கு. கோட்டுக்கு நான் ஒண்டும் சொல்லல்லையே. கட்டளை இருக்கக்குள்ள கட்டினா, அது சட்டத்துக்குப் பிழை மருமகன். நீ படிச்சவன், உனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கெண்டு ஒரு இடம் வேணுமெண்டா அதை நேராக் கேளுங்க. இல்ல, உங்கட பக்கம் நியாயம் இருந்தா அந்தக் கோட்டில போய் எழும்பி நிண்டு வாதாடுங்க. ரெண்டுமில்லாம இது என்ன வேலை?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"வாதாடினா தோத்திருவன். வாதாடாட்டி ஆராலயும் என்னத் தோக்கடிக்க ஏலா. நீ மேடையில கத்துக்கிட்டு நிக்கிறாய். உனக்கு இது விளங்காது."

கூட இருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "மேடைப் புலி வாவிக்கரையில வழுக்கிப் போட்டுது" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். என் பேச்சுக்குப் பதில் இல்லாமல் போன அவைகள் பல உண்டு. பதில் தேவையே இல்லாத ஓர் எதிரியை அன்றுதான் கண்டேன். அவர் என்னை மறுக்கவில்லை, மடக்கவில்லை. என் கலை முழுவதும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் முன்வரிசையில் அவர் கைதட்டினால் எனக்கு உடம்பில் ஏதோ ஊர்வது போலிருந்தது.

மாரி வந்தது. வெட்டிய அத்திவாரக் குழிகளில் நீர் நிறைந்தது. நான் போனபோது அக்கா குடை பிடித்தபடி, சமையலறைக்கென்று வெட்டிய குழியின் வரம்பில் நின்றாள்.

"கவனமா வா தம்பி. என்ட குசினிக்குள்ள விழுந்திராத."

"பகிடி விடுற நேரமாக்கா இது?"

"வேற என்ன செய்யச் சொல்றாய்? வா, மண்டபத்தப் பாரு. தவளைக் குடும்பமொண்டு குடிவந்து, கச்சேரியும் வைக்கிறாங்க. அவங்களுக்கு ஆரும் வழக்குப் போடல்ல."

சிரித்தாள். அவளோடு சேர்ந்து என்னால் சிரிக்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேறிடத்தில் பெண் பார்க்கிறார்கள் என்ற கதை அந்தக் கிழமைதான் கல்லடிப் பக்கமிருந்து வந்திருந்தது. அவளும் அதைக் கேட்டிருந்தாள்.

சின்னம்மாவின் சட்டத்தரணி வழியைச் சொன்னார். மேன்முறையீட்டை நடத்த வேண்டிய எதையும் செய்யாமல் போட்டு வைத்திருப்பவரின் மேன்முறையீடு, கைவிடப்பட்டது என்று தள்ளுபடி செய்யப்படலாம். அதை நாம் கேட்க வேண்டும். தள்ளுபடியானால் கட்டளையும் அதோடு விழும். நாங்கள் கேட்டோம். தவணையன்று நான் சின்னம்மாவோடு போனேன். ஒரு விதத்தில் ஆவலோடுதான் போனேன் என்று சொல்ல வேண்டும். மேன்முறையீட்டு நீதிமன்றம் என்றால் சட்டமும் சொல்லும் மோதும் இடம் என்று நினைத்திருந்தேன். மேடை வழக்காடு மன்றங்களில் நாங்கள் போலி செய்வதன் மூலத்தை அன்று பார்க்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

நான் பார்த்தது வேறு. நாடாவால் கட்டிய வழக்குக் கோவைகள் மேசையில் அடுக்கப்பட்டிருந்தன. வாசலில் நின்றவர் ஒரு பெயரைக் கூப்பிடுவார். யாரும் வரமாட்டார்கள். மீண்டும் கூப்பிடுவார். வராந்தாவில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். மூன்றாம் முறை கூப்பிடும்போது அவர் குரலிலேயே எதிர்பார்ப்பு இருக்காது. மேன்முறையீட்டாளர் மன்றில் இல்லை, சார்பிலும் எவருமில்லை, தள்ளுபடி. கோவை மூடப்படும். அடுத்த பெயர். ஒருவர் இறந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். ஒருவர் கனடாவில் குடியேறி, வழக்குப் போட்டதையே மறந்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் என் மாமாவின் இனம். எதிரியை இழுத்தடிக்க எவ்வளவு காலம் கிடைக்குமோ அவ்வளவையும் தின்றுவிட்டு, தின்ற இலையை எடுக்காமல் எழுந்து போனவர்கள்.

ஒவ்வொரு கோவைக்குள்ளும் யாரோ ஒருவர் மீது ஒரு குற்றச்சாட்டு இருந்திருக்கும். கள்ளி, ஏமாற்றுக்காரன், அத்துமீறியவன். எழுதியவன் அதை எழுதிவிட்டுப் போய்விட்டான். எழுதப்பட்டவர் அதைச் சுமந்து ஒவ்வொரு தவணைக்கும் வந்துகொண்டிருந்தார். எச்சிலைத் துப்பிவிட்டுப் போனவனை யாரும் கேட்கவில்லை. துப்பப்பட்ட இடத்தில் வழுக்காமல் நடப்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றேன்.

அங்கே ஒரு வயோதிபர் நீதிமன்ற எழுதுவினைஞரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய எதிரியின் மேன்முறையீடு சற்றுமுன் தள்ளுபடியானது.

"அப்ப நான் வெண்டுட்டனா தம்பி?"

"உங்கட பழைய தீர்ப்பு அப்பிடியே நிக்கிது ஐயா. அவ்வளவுதான்."

"அது முந்தியும் நிண்டதுதானே?"

"ஓம் ஐயா."

"அப்ப இவ்வளவு காலமும் நான் என்னத்துக்கு வந்தன்?"

எழுதுவினைஞர் நல்லவர். அதற்குப் பதில் சொல்வது தன் வேலை அல்ல என்பதை முகத்தில் காட்டாமல், குடையை மறந்துவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

எங்கள் கோவை வந்தபோது மாமாவின் சட்டத்தரணி எழுந்து, தனக்கு அறிவுறுத்தல் எதுவும் கிடைக்கவில்லை என்றார். நீதிபதி ஒரு கடைசி வாய்ப்பைக் கொடுத்தார். அடுத்த தவணைக்கு மேன்முறையீட்டாளர் நேரில் வந்து காரணம் காட்ட வேண்டும். வராவிட்டால் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். அறிவித்தல் மாமாவின் கையில் ஒப்படைக்கப்பட்டது. இனி அவர் வந்தே ஆக வேண்டும் அல்லது போயே ஆக வேண்டும். அந்தத் தவணைக்குப் பின்பு ஆவணி தொலைவில் இல்லை.

அந்தத் தவணையன்று காலை சின்னம்மாவை உள்ளே இருத்திவிட்டுத் தண்ணீர் வாங்க வெளியே போனேன். நீதிமன்றத்துக்கு எதிரேயிருந்த சிற்றுண்டிக் கடையில் மாமா நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் பாதி கடித்த ரோல்ஸ். ஒரு கணம், வந்துவிட்டார், எழுந்து நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். அந்த ஒரு கணத்துக்கு அவர்மேல் எனக்கு மரியாதை திரும்பியது.

"நல்ல நேரம் வந்தாய் மருமகன்" என்றார். "உள்ள போய் ஒரு வார்த்தை சொல்லு. மாமாக்கு நெஞ்சு நோவு, ஆசுபத்திரில கிடக்கார் எண்டு. இந்தத் தவணை மாத்திரம் தள்ளினாப் போதும்."

"நீங்க இஞ்ச நிண்டு ரோல்ஸ் தின்னுறீங்க மாமா."

"தின்னுறதை உள்ள இருக்கிறவங்க காணமாட்டாங்க. நீ எழும்பி நிண்டு சொன்னா ஆரு இல்லையெண்டப் போறாங்க? அந்தக் குரலை ஆண்டவன் உனக்கு என்னத்துக்குத் தந்தவன்?"

"நீங்களே வாங்க. ரோட்டைக் கடந்தாப் போதும். உங்கட பெயரைக் கூப்பிடப்போறாங்க."

"வந்தாக் கேள்வி கேப்பாங்களே."

"கேக்கட்டும்."

"பதில் இல்லையே மருமகன்." சிரித்தபடி வாயைத் துடைத்தார். "மறுகா, நீயும் எங்கட குடிதானே? தாய்மாமன்ட மானம் உனக்கில்லையா?"

என் குரலைக் காதலித்தவர் அதற்கு வைத்திருந்த விலை அதுதான். அந்தக் குரலால் ஒரு பொய்யைச் சொல்லச் சொன்னது மட்டுமல்ல. சின்னம்மாவின் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து நின்று, அவருக்கெதிராக, அவர் வீட்டைத் தடுத்துச் சொல்லச் சொன்னார். சொல்லத் தகுந்த சொற்கள் இருந்தன. அவற்றை அவர்மேல் செலவிட விரும்பவில்லை. தண்ணீர்ப் போத்தலோடு உள்ளே போய்ச் சின்னம்மாவின் பக்கத்தில் இருந்தேன்.

பெயரைக் கூப்பிட்டார்கள். சின்னம்மா திரும்பி வாசலைப் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் எவ்வளவு, அண்ணன் வந்தால் நல்லது என்ற நினைப்பு எவ்வளவு என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்ட குரல் தெருவின் அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். யாரும் வரவில்லை. மேன்முறையீடு கைவிடப்பட்டதாகக் கொள்ளப்பட்டு, தள்ளுபடி செய்யப்பட்டது. கட்டளையும் வலுவிழந்தது. கோவையை மூடிக் கட்டுவதற்கு எடுத்த நேரம், தீர்ப்புக்கு எடுத்த நேரத்தைவிட அதிகம்.

"அவ்வளவுதானா?" என்றார் சின்னம்மா வெளியே வந்து.

"அவ்வளவுதான். இனி வீடு கட்டலாம்."

"நான் அம்மாவை ஏமாத்தி எழுதினதெண்டு போட்டிருந்தாரே. அதுக்கு இவங்க என்ன சொன்னாங்க?"

"அதைப் பத்தி ஒண்டும் சொல்லல்ல சின்னம்மா. பேசினாத்தானே சொல்லுவாங்க. அவர் பேச வரல்ல."

அவர் கொஞ்சத் தூரம் நடந்தார். "அப்ப அது அப்பிடியே கிடக்குமா?" என்று கேட்டார்.

கடையைப் பார்த்தேன். மாமா போய்விட்டிருந்தார்.

அத்திவாரக் குழிகளை இறைத்து, இடிந்த ஓரங்களைத் திருத்தி, கல் வைக்க மீண்டும் ஒரு நாள் பார்த்தார்கள். எங்கள் வழக்கப்படி முதல் அழைப்புத் தாய்மாமனுக்கு. அவரை விட்டு அந்தக் காரியம் நடந்தால் மாப்பிள்ளை வீட்டார் காரணம் கேட்பார்கள். ஆகவே சின்னம்மா வெற்றிலையோடு போய் அழைத்தார். அவர் வந்தார். சலவை செய்த வேட்டியோடு, எல்லோருக்கும் முன்னால் வந்தார். கல்லடியிலிருந்து மாப்பிள்ளையும் தகப்பனும் தாயும் வந்திருந்தார்கள். மேசன் கல்லைக் கழுவி வைத்திருந்தார்.

மாமா வளவை ஒருமுறை கண்ணால் அளந்தார். பிறகு மாப்பிள்ளையின் தகப்பனின் தோளில் கையைப் போட்டார்.

"இது முழுக்க எனக்கு வரவேண்டிய காணி சம்பந்தி. கோட்டில என்ட பேரில கிடந்த வழக்கு. தங்கச்சிக்கு எண்டு நான்தான் விட்டுக்குடுத்தன். பொம்புளப் புள்ளைக்கு வீடு வேணுமே."

"பெரிய மனசு" என்றார் அவர், உண்மையான மரியாதையோடு. "இந்தக் காலத்தில ஆரு விட்டுக்குடுக்காங்க."

கைவிட்டது கொடையாகிவிட்டது. வெறும் நாற்காலி வள்ளலாகிவிட்டது. அங்கே நின்ற எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் உண்மை தெரியும்; அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அந்த நிமிடத்துக்கு நான் ஆயத்தமாக இருந்தேன், கூற்று, சான்று, முடிபு எல்லாம் வரிசையாக. சின்னம்மா என் கையைப் பிடித்து அமுக்கினார்.

அக்காதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"மாமா, தள்ளுபடியாப் போனதெண்டு சொல்லுங்க. கூப்பிட்டாங்க, நீங்க போகல்ல. அம்மா ஒருத்தரையும் ஏமாத்தல்ல, உங்களுக்கிட்ட வாங்கவுமில்ல. இந்த வீட்டுக்குள்ள இருக்கப்போறது நான். எனக்கு ஆரும் விட்டுக்குடுத்த வீடு வேணாம்."

மாப்பிள்ளை முதன்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவருடைய தாய் முந்தானையைச் சரிசெய்தார். அவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று சின்னம்மாவின் பிடி என் கைக்குச் சொன்னது. தகப்பன் மாமாவின் கைக்குக் கீழிருந்து தோளை மெல்ல எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க கோட்டுக்குப் போனவராம். தள்ளுபடியெண்டா, இது மறுகா எழும்பி வருமா?"

"அவர் போய் நல்ல காரணம் காட்டினா, திரும்ப எடுக்கச் சொல்லிக் கேக்கலாம் ஐயா."

"காரணம் இருக்கா?"

"அண்டைக்குக் கோட்டுக்கு முன்னால நிண்டவர். நான் கண்டன்."

என் வாழ்நாளில் நான் பேசிய மிகக் குறுகிய வாதம் அது. அவர் தலையாட்டினார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்து, மேசனைப் பார்த்து, "நேரம் போகுது, கல்லை எடு" என்று அதட்டினார். கல்லை மாப்பிள்ளையின் தகப்பன் எடுத்துச் சின்னம்மாவின் கையில் கொடுத்தார். சின்னம்மா இறக்கினார். மாமா சாந்துக் கரண்டியைத் தாமாகவே வாங்கி, ஓரத்தில் கொஞ்சம் பூசினார். யாரும் தடுக்கவில்லை.

பந்தியில் தாய்மாமனுக்குத்தான் முதல் இலை. அவர் நன்றாகச் சாப்பிட்டார். எருமைத் தயிர் இரண்டாம் முறையும் கேட்டார். சின்னம்மா கொண்டுபோய் ஊற்றினார். எனக்கு அவருக்கு அடுத்த இலையைப் போட்டிருந்தார்கள். நான் அமரவில்லை. பசிக்கவில்லை என்று பொய் சொல்லாமல், இந்த வரிசையில் சாப்பிட மாட்டேன் என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு வருத்தம்தான். சுவர் யன்னல் மட்டத்துக்கு எழும்பியிருக்கிறது. ஆவணியில் நாள் வைத்திருக்கிறார்கள். மாமா பஸ் நிலையத்தில், கோயிலில், கடையில், காண்பவரிடமெல்லாம் தாம் விட்டுக்கொடுத்த வளவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்பவர்கள் ஓம் என்கிறார்கள்.